ஒப்புக்கொண்ட வேலையும் பின்வந்த அழைப்பும்

ஓர் உத்தியோகத்திற்கு இசைந்து கையொப்பமும் இட்டாயிற்று. வேலையிற் சேர்தற்கு இன்னும் சில வாரங்களே உள்ளன. அந்நிலையில், முன்னதினும் உயர்ந்த சம்பளத்தோடு வேறோர் உத்தியோகம் தேடி வருகின்றது. யாது செய்வது? நம் கல்லூரியினின்று வெளியேறும் மாணாக்கருள் சிலரையேனும் ஆண்டுதோறும் வாட்டும் வினா இது. "தாளில் எழுதிக் கொடுத்தால் என்ன? இன்னும் ஒரு காசும் வாங்கவில்லையே!" என்பர் ஒரு சாரார். "கையொப்பமிட்டபின் அசைதல் ஆகாது" என்பர் மற்றொரு சாரார். முன்னவர் சட்டத்தை அறியார்; பின்னவர் தாம் கையொப்பமிட்ட தாளையே முற்றும் படித்திலர். ஆதலின், இப்பொருளைச் சட்டத்தின் வழியாலும் அறத்தின் வழியாலும் சிறிது ஆராய்தல் நம் மாணாக்கர்க்குப் பயன்படும் என்று கருதுகின்றோம்.

இப்பொருளைப்பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் வழக்கறிஞர் எடுத்துக்காட்டும் வழக்கு ஒன்றுண்டு. அது லண்டன் மாநகரில் 1852-ஆம் ஆண்டில் ஒரு பாடகியைக் குறித்து எழுந்தது. அதன் முடிபு கால் நூற்றாண்டிற்குள் நம் நாட்டுச் சட்டத்துள்ளும் புகுந்தமையால், அதனை முதற்கண் விரித்துரைப்போம்.

ஜோஹன்னா வாக்னர் என்பார் 1826-இல் பிறந்த ஜெர்மானியப் பெண்மணியார். இசைநாடகப் பேராசிரியர் ரிச்சர்ட் வாக்னரின் தமையனாராகிய ஆல்பர்ட் வாக்னரால் மகளாக வளர்க்கப்பட்டவர். 1845-இல் 'டான்ஹாய்சர்' என்னும் இசைநாடகம் டிரெஸ்டன் நகரில் முதன்முறை அரங்கேறியபோது, எலிசபெத் என்னும் தலைவியின் பாத்திரத்தை ஏற்றுப் பாடியவர் இவரே. அப்பொழுது அவர்க்கு வயது 19. சில ஆண்டுகளுள் பெர்லின் நகரில் பிரஷிய மன்னரின் அவைப் பாடகியாக உயர்ந்தார். அவருடைய புகழ் கடல் கடந்து லண்டனுக்கும் எட்டியது.

அக்காலத்து லண்டனில் இத்தாலிய இசைநாடகத்திற்கென இரண்டு பெரிய அரங்குகள் ஒன்றோடொன்று போட்டியிட்டு நின்றன. ஒன்று ஹர் மெஜஸ்டிஸ் தியேட்டர். அதன் தலைவர் பெஞ்சமின் லம்லி துரை. மற்றொன்று காவென்ட் கார்டன். அதன் தலைவர் பிரெடரிக் கை துரை. எந்தப் பாடகி எந்த அரங்கில் தோன்றுவார் என்பதைப் பொறுத்தே அவ்வாண்டின் வரவும் செலவும் அமையும். லம்லி துரையின் அரங்கும் இப்போட்டியில் முற்றும் மாசற்றதன்று. ஜென்னி லிண்ட் என்னும் ஸ்வீடன் நாட்டுப் பாடகி, ட்ரூரி லேன் அரங்கின் தலைவராகிய பன் என்பாரோடு 1845-இல் ஒப்பந்தம் செய்துகொண்டு, பின் அதனைக் கைவிட்டு, 1847-இல் லம்லியின் அரங்கிலேயே பாடினார். பன் வழக்குத் தொடுத்தார். 1848-இல் 2,500 பவுன் நட்டஈடு தீர்ப்பாயிற்று. பிறர் ஒப்பந்தம் முறிந்ததனாற் பயன்பெற்றவர் தம் ஒப்பந்தம் முறிந்தபோது நீதிமன்றத்தை நாடினார் என்பதை நாம் மறவாதிருத்தல் நலம்.

1851-ஆம் ஆண்டு நவம்பர் 9-ஆம் நாள் ஜோஹன்னாவுக்கும் லம்லிக்கும் பெர்லினில் ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டது. அதன் செய்திகள் நம் காலத்து நியமனக் கடிதம் எதனினும் தெளிவானவை. 1852 ஏப்ரல் முதல் நாள் தொடங்கி மூன்று மாதம், வாரத்திற்கு இருமுறை, லம்லியின் அரங்கில் அவர் பாடவேண்டும். சம்பளம் மாதத்திற்கு 400 பவுன். வாரந்தோறும் 100 பவுனாகக் கொடுக்கப்படும். 300 பவுன் முன்பணம் மார்ச் 15-ஆம் நாள் பெர்லினிலேயே அவர்க்குச் சேர்ப்பிக்கப்படும். முதலில் அவர் ஏற்கவேண்டிய பாத்திரம் ரோமியோ. குறித்த ஆறு பாத்திரங்களையும் அந்த மூன்று மாதத்தில் வேறெந்தப் பாடகியும் ஏற்றல் ஆகாது. நோயின்றி, குறித்த நாளுக்குமேல் எட்டு நாள் தாழ்த்தாராயின், ஒப்பந்தம் முறிந்ததாகக் கொண்டு லம்லி நட்டஈடு கேட்கலாம். இவற்றோடு பின்னர் ஒரு வாசகமும் சேர்க்கப்பட்டது: லம்லியின் எழுத்துமூலமான அனுமதியின்றி வேறெந்த அரங்கிலும், கச்சேரியிலும், தனியார் கூட்டத்திலுங்கூட அவர் பாடலாகாது என்பது. பின்னாளில் வழக்கு முழுவதும் தொங்கியது இந்த ஒரு வாசகத்தின்மேலேதான்.

நிற்க. 1852 ஏப்ரல் 5-ஆம் நாள், அஃதாவது லம்லியின் அரங்கில் அவர் பணி தொடங்கவேண்டிய நாளுக்கு நான்கு நாள் கழித்து, ஜோஹன்னா காவென்ட் கார்டன் அரங்கின் கை துரையோடு மற்றோர் ஒப்பந்தம் செய்துகொண்டார். சம்பளம் முன்னதினும் மிகுதி. லம்லி தருவதாகச் சொன்ன முன்பணம் குறித்த நாளில் வந்து சேரவில்லையாதலின் முதல் ஒப்பந்தம் தம்மைக் கட்டாது என்பது வாக்னர் தரப்பினர் வாதம். லம்லி உடனே நீதிமன்றத்தை அடைந்தார். மே மாதத்திலேயே துணைச் சான்சலர் பார்க்கர் தடையுத்தரவு பிறப்பித்தார். மேல்முறையீட்டில் லார்டு சான்சலர் செயின்ட் லெனார்ட்ஸ் பிரபு அதனை மே 26-ஆம் நாள் உறுதிசெய்தார்.

அத்தீர்ப்பின் கருத்து நுட்பமானது. ஒருவரைப் பாடுக என்று நீதிமன்றம் கட்டளையிட இயலாது. கட்டளையிட்டாலும் மனமின்றிப் பாடிய பாட்டை நல்ல பாட்டென்றும் தீய பாட்டென்றும் எந்த நீதிபதி அளந்துரைப்பார்? ஆயின், வேறிடத்துப் பாடேன் என்று அவரே எழுதிக்கொடுத்திருக்கின்றார். அந்தச் சொல்லைக் காக்கச் செய்தல் நீதிமன்றத்தால் இயலும். லம்லியின் கதவு வழியே அவரை உள்ளே இழுத்துச் செல்லுதல் சட்டத்தின் வேலையன்று. காவென்ட் கார்டன் கதவை அடைத்துவைத்தல் சட்டத்தின் வேலையாகும்.

விளைவு யாதெனின், அவ்வாண்டு லண்டனில் ஜோஹன்னா எந்த அரங்கிலும் பாடவில்லை. லம்லிக்குப் பாடகி இல்லை. கை துரைக்கும் இல்லை. பாடகிக்கு 400 பவுனும் இல்லை, அதனின் மிக்க தொகையும் இல்லை. லம்லியின் அரங்கு அவ்வாண்டின் முடிவில் மூடப்பட்டு, 1856 வரை திறவாதிருந்தது. இதற்கு ஜோஹன்னா ஒருவரே காரணம் என்று சொல்லுதல் மிகையாகும். கடன் அவரை முன்னரே நெருக்கியிருந்தது. எனினும், ஓர் அரங்கின் தலைவர் ஒரு பருவம் முழுவதையும் எவரை நம்பி அமைத்திருந்தாரோ அவர் வாராதொழிந்தால் நேரும் இடர்ப்பாட்டை ஊகித்தறிதல் அரிதன்று.

லம்லி அவ்வளவில் நில்லாமல், பாடகியைத் தம்பால் ஈர்த்துக்கொண்ட கை துரைமீதும் நட்டஈட்டு வழக்குத் தொடுத்தார். இது 1853-இல் தீர்ப்பாகியது. ஒப்பந்தம் உண்டென்று அறிந்தே அதனை முறிக்குமாறு ஒருவர் தூண்டினால், தூண்டியவரும் நட்டஈட்டிற்கு உரியவராவர் என்று நீதிபதிகளிற் பெரும்பான்மையோர் முடிவு செய்தனர். கோல்ரிட்ஜ் என்னும் நீதிபதி மட்டும் மாறுபட்டார். இவ்விதி, கொள்ளைநோயால் மக்கள் மாண்டு கூலியாட்கள் அருகிப்போன காலத்தில் 1349-ஆம் ஆண்டுக் கட்டளையாலும் 1351-ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் ஏவலாளர்பொருட்டு ஏற்பட்டது. அதனை ஓர் இசைவாணிக்கு நீட்டுதல் பொருந்தாது என்பது அவர் கருத்து. பெரும்பான்மையோர் முடிபே நிலைத்தது. ஆயினும், பின்னர் ஜூரிகள் முன் உண்மை விசாரணை நடந்தபோது கை துரை தப்பினார். முதல் ஒப்பந்தம் பாடகியைக் கட்டாது என்று அவர் மெய்யாகவே நம்பினார் என ஜூரிகள் கொண்டனர். நாடெங்கும் பரவிய ஒரு சட்டவிதி, அது பிறந்த வழக்கிலேயே வாதிக்கு ஒரு காசும் பெற்றுத்தரவில்லை என்பது வியப்பே!

இன்னும் ஒரு செய்தி. 1856 மார்ச்சு மாதத்தில் காவென்ட் கார்டன் தீப்பற்றி எரிந்தது. லம்லி தம் அரங்கை மீண்டும் திறந்தார். அவ்வாண்டு அவருடைய மேடையிலே ரோமியோவாகத் தோன்றிப் பாடியவர் ஜோஹன்னா வாக்னர். நான்காண்டிற்குமுன் பாடவேண்டியிருந்த அதே பாத்திரம்! வழக்காடியவர்களும் பின்னர் ஒருவர்க்கொருவர் வேண்டியவராதல் தொழிலுலகில் அரிதன்று என்பதற்காக இதனைக் குறிக்கின்றோம்.

இங்ஙனம் பாடகியை நீதிமன்றம் மென்மையாக நடத்தியது கண்டு, அக்காலத்துச் சட்டம் எல்லார்மாட்டும் இத்தகையதே என்று எண்ணிவிடலாகாது. அதே இங்கிலாந்தில், அதே 1852-இல், கொல்லரோ சுரங்கத் தொழிலாளரோ ஒப்பிய வேலையை விட்டு நீங்கினால், 1823-ஆம் ஆண்டு ஆண்டான்-ஏவலாள் சட்டத்தின்படி மூன்று மாதம் வரை சிறை செல்லலாம். ஒப்பந்தத்தை முறித்த முதலாளிக்கோ சிறையில்லை. இந்நிலை 1875-இல்தான் ஒழிந்தது. நம் நாட்டிலும் 1859-ஆம் ஆண்டின் 13-ஆம் சட்டம் என ஒன்று இருந்தது. முன்பணம் பெற்ற தொழிலாளி வேலைக்கு வாராதொழிந்தால், பணத்தைத் திருப்பித் தருமாறோ வேலையை முடிக்குமாறோ மாஜிஸ்டிரேட் கட்டளையிடுவார். கட்டளையை மீறினால் மூன்று மாதம் வரை கடுங்காவல். சென்னை, கல்கத்தா, பம்பாய் நகரங்களுக்கென இயற்றப்பட்ட அச்சட்டம் பின்னர் வேறிடங்களுக்கும் தேயிலை, காப்பித் தோட்டங்களுக்கும் பரவியது. அது 1925-இல் இயற்றிய சட்டத்தால் நீக்கப்பட்டது. பாடச் சொல்லி ஒருவரை வற்புறுத்தல் தகாதென்ற நியாயம், தேயிலை கிள்ளச் சொல்லி வற்புறுத்துதற்கு மட்டும் இடங்கொடுத்தமை எங்ஙனம்? கையொப்பத்தின் பெருமையைப் பேசுவோர் பலர், கைநாட்டு வைத்தவர் பட்ட பாட்டைப் பேசுவதில்லை. நம் மாணாக்கருள் பலர் அத்தகைய தோட்டத் தொழிலாளர் வழியினர் ஆதலின், இதனை ஈண்டுச் சொல்லாது விடுதல் தகாதென்று எண்ணினோம்.

இனி நம் நாட்டின் இக்காலச் சட்டத்திற்கு வருவோம். பாடகி வழக்கின் முடிபு 1877-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 57-ஆம் பிரிவாக அமைந்தது; அப்பிரிவின்கீழ்த் தரப்பட்ட உதாரணங்களுள் ஒன்று, ஓர் அரங்கில் பாட ஒப்பி வேறெங்கும் பாடேன் என்றவரைப் பற்றியதே. இப்பொழுதுள்ள 1963-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது 42-ஆம் பிரிவு. ஆள்வினையைச் சார்ந்த ஒப்பந்தத்தை நீதிமன்றம் வற்புறுத்தி நிறைவேற்றுவதில்லை என்பது அச்சட்டத்தின் 14-ஆம் பிரிவிற் காணப்படும். எனவே, "கையொப்பமிட்டாய், வந்தே தீரவேண்டும்" என்று எந்தக் கம்பெனியும் ஒருவரை இழுத்துச் செல்ல இயலாது. அவ்வாறு மிரட்டுங் கடிதம் கண்டு நடுங்கவேண்டுவதில்லை.

ஆயின், இழுத்துச் செல்ல இயலாது என்பதனால் கேட்பாரில்லை என்பது பொருளன்று. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவு, ஒப்பந்தம் முறிந்ததால் இயல்பாக நேர்ந்த இழப்பிற்கு ஈடு கேட்க இடங்கொடுக்கின்றது. 74-ஆம் பிரிவு, இன்ன தொகை தருவேன் என்று முன்னரே எழுதிக்கொடுத்திருந்தால், அத்தொகைக்கு மேற்படாமல் நியாயமான ஈட்டை வழங்குகின்றது. எழுதிய தொகை முழுவதும் எப்பொழுதும் கிடைக்கும் என்பதன்று. அது மேல் வரம்பு. 27-ஆம் பிரிவோ ஊழியர்க்கு அரண் செய்வது: தொழில் செய்யாதபடி ஒருவரைத் தடுக்கும் உடன்பாடு அந்த அளவிற்குச் செல்லாது என்கின்றது.

இவ்விரண்டிற்கும் இடையே கோடு எங்கே விழுகின்றது என்பதை இரண்டு தீர்ப்புக்கள் காட்டும். முதலாவது, உச்சநீதிமன்றத்தின் 1967-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. பம்பாய் நகரை அடுத்த கல்யாண் என்னும் ஊரில், செஞ்சுரி என்னும் நூற்பாலைக் கம்பெனி சக்கர உறைக்கான நூலிழைத் தொழிற்சாலை ஒன்றை அயல்நாட்டுக் கம்பெனியின் துணையோடு நிறுவியிருந்தது. அங்கு ஓர் இளைஞர் 1963-இல் ஐந்தாண்டு உடன்படிக்கையில் மேற்பார்வையாளராகச் சேர்ந்து, பயிற்சியும் தொழில் மறைகளும் பெற்றார். அடுத்த ஆண்டிலேயே, அதே நூலிழை செய்யும் கோட்டா நகரக் கம்பெனியில் மாதம் 560 ரூபாய்க்குச் சேர்ந்துவிட்டார். ஐந்தாண்டு முடியும் அளவும் அவர் அத்தகைய வேலையை வேறெங்கும் செய்தலாகாது என்ற தடையை நீதிமன்றம் ஏற்றது. வேலைக்காலம் முடிந்த பின்னும் தொடரும் தடை வேறு, ஒப்பிய காலத்திற்குள் அமையும் தடை வேறு. பின்னது 27-ஆம் பிரிவிற்கு மாறுபட்டதன்று என்பது அதன் கொள்கை.

இரண்டாவது, 2025 மே மாதத்திற் பிறந்தது. விஜயா வங்கியில் 2007-இல் முதுநிலை மேலாளராகப் பதவியேற்ற ஒருவர், மூன்றாண்டிற்குள் நீங்கினால் இரண்டு இலட்சம் ரூபாய் தருவதாகப் பிணைப்பத்திரம் எழுதிக்கொடுத்திருந்தார். 2009-இல் வேறொரு வங்கியிற் சேரும்பொருட்டு விலகினார். பணத்தை ஆட்சேபத்தோடு கட்டிவிட்டு வழக்காடினார். கர்நாடக உயர்நீதிமன்றம் அவர்பக்கம் நின்றது. உச்சநீதிமன்றமோ வங்கியின்பக்கம் தீர்ப்பளித்தது. அரசு வங்கி ஒன்று ஓர் ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால் விளம்பரம், போட்டித் தேர்வு என்று முறைப்படி பல செய்தாகவேண்டும். இடையில் ஒருவர் நீங்கினால் அவையெல்லாம் மீண்டும் நிகழவேண்டும். ஆதலின், அவர் பதவிக்கும் சம்பளத்திற்கும் அத்தொகை மிகையன்று என்பது முடிபு. அவர் வேறிடத்திற் பணியாற்றுதலை அப்பத்திரம் தடுக்கவில்லை என்பதும் கருதப்பட்டது. இரண்டு இலட்சத்திற்கு இசைவளித்தது கண்டு, இருபது இலட்சம் எழுதி வாங்கும் கம்பெனிகளுக்கும் இதுவே சான்றாகும் என்று எண்ணுதல் பிழை.

திரைப்பட உலகிலும் இவ்வகை வழக்குண்டு. அமெரிக்க நடிகையார் பெட்டி டேவிஸ், வார்னர் கம்பெனியாரோடு செய்த உடன்படிக்கை நிலுவையிலிருக்கும்போதே இங்கிலாந்து சென்று வேறொருவர் படத்தில் நடிக்க இசைந்தார். 1936-இல் லண்டன் நீதிமன்றம் அவரைத் தடுத்தது. நடிப்பொழிந்த வேறு தொழில்கள் அவர்க்குத் திறந்தே இருத்தலால், தடையுத்தரவு அவரைப் பட்டினிக்கும் பழைய முதலாளிக்கும் இடையே நிறுத்தியதாகாது என்றார் நீதிபதி. சொல்லளவில் இது நேரியதே. நடிப்பையன்றி வேறறியாத ஒருவரை வேறு தொழில் தேடிக்கொள்க என்றல் நமக்குச் சிறிது கொடிதாகவே தோன்றுகின்றது. அவர் பழைய கம்பெனிக்கே திரும்பினார். அங்கு நடித்த 'ஜெசபெல்' என்னும் 1938-ஆம் ஆண்டுப் படத்திற்கு ஆஸ்கார் பரிசும் பெற்றார்.

சட்டம் கிடக்க, கையிலுள்ள தாளைப் பார்ப்போம். நம் மாணாக்கர் பெறும் நியமனக் கடிதங்களிற் பல, இத்தனை நாள் முன்னறிவிப்புக் கொடுத்து எவரும் விலகலாம் என்றும், முன்னறிவிப்பிற்கு ஈடாக அத்தனை நாட் சம்பளத்தைக் கட்டலாம் என்றும் கூறுவன. அவ்வாறாயின், அந்த வழியே விலகுதல் ஒப்பந்தத்தை முறித்தல் ஆகாது. ஒப்பந்தத்தின்படி நடத்தலே ஆகும். இந்த ஒரு வேறுபாட்டை உணராமையால், விலக உரிமையுள்ளவர் குற்றவாளி போல் நாணி ஒளிகின்றனர். உரிமையில்லாதவர் உரிமையுள்ளார்போல் துணிந்து விலகுகின்றனர். காலவரை குறித்து இடையில் விலக வழிவிடாத தாள் ஒருவகை. பயிற்சிச் செலவுக்குப் பிணைப்பத்திரம் கேட்பது மற்றொருவகை. இவற்றுள் எது தம் கையில் உள்ளது என்பதைக் கையொப்பத்திற்கு முன்னரே அறிதல் வேண்டும். வேலையிற் சேருமுன் விலகினாலும் முன்னறிவிப்பு வாசகம் செல்லுமா என்பதை மனிதவளப் பகுதியாரிடமே எழுதிக் கேட்டுவிடலாம். கேட்பதனால் எவரும் வேலையைப் பறித்துவிடுவதில்லை.

இனி அறத்தின் கூற்றைப் பார்ப்போம். கூடுதற் சம்பளத்தை நாடுதல் பேராசை என்று மேடையேறிக் கூறுவார் உளர். அவர்க்கு மாதச் சம்பளம் தடையின்றி வந்துகொண்டிருத்தலைக் காண்க. தந்தையின் கடனும் தங்கையின் படிப்பும் தலைமேல் நிற்க, மாதம் பதினாயிரம் ரூபாய் மிகுதியாக வருவதை நோக்கும் இளைஞரை நாம் பழிக்கமாட்டோம். எனினும், ஒன்று கூறுவோம். திராட்சத் தோட்டத்துக் கூலியாட்களைப்பற்றிய உவமையில், விடியலிற் பேசிய கூலி மாலையில் மற்றவர் கூலியைக் கண்ட பின்னரே குறையாகத் தோன்றிற்று. முதல் வேலை நேற்றுவரை மகிழ்ச்சி தந்ததன்றோ? அதன் சம்பளம் இன்று குறைந்துவிடவில்லை. பக்கத்தில் வேறொன்று வந்து நின்றது, அவ்வளவே. அவ்வேறுபாடு கடனைத் தீர்க்குமளவு பெரிதா, அல்லது நண்பரிடத்துச் சொல்லிக்கொள்ளுமளவு மட்டும் பெரிதா என்று ஒருவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளலாம்.

பதினைந்தாம் சங்கீதம், இழப்பு நேரினும் தன் வாக்கினின்று பிறழாதவனைப் புகழ்வது நம் அனைவர்க்கும் தெரிந்ததே. அது கொடுத்த வாக்கைக் காக்கச் சொல்கிறதேயன்றிக் கொடாத வாக்கையன்று. முப்பது நாள் முன்னறிவிப்பில் விலகலாம் என்று இருதிறத்தாரும் ஒப்பிய இடத்தில், என்றும் விலகேன் என்னும் வாக்கை எவரும் கொடுக்கவில்லை. அத்தகைய தாளை உடையார் உயர்ந்த வேலைக்கு முறைப்படி செல்வதை நாம் குற்றமாகக் கொள்ளோம். ஆயின், ஓராண்டு இருப்பேன் என்று தெளிவாக எழுதிக்கொடுத்து, அதனை நம்பிப் பயிற்சிக்கும் இருப்பிடத்திற்கும் ஏற்பாடு செய்த சிறு நிறுவனத்தை, அல்லது பாட ஆண்டு தொடங்கும் வாரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தை, இரண்டாயிரம் ரூபாய்க்காகக் கைவிடுதலை நாம் ஒப்புதற்கில்லை. கணக்காசிரியர் இன்றிப் பத்தாம் வகுப்பு இரண்டு மாதம் கிடந்தால், அந்த நட்டத்தை 73-ஆம் பிரிவு அளந்து கொடுக்காது.

மற்றொருவரையும் நாம் மறந்துவிடுகின்றோம். அவ்வேலைக்கு அடுத்தபடி தேர்வாகி, இடமில்லையென்று திருப்பி அனுப்பப்பட்டவர் அவர். நாம் ஒப்புக்கொண்ட அன்றே அவர்க்குக் கதவடைத்தது. நாம் விலகுவதாயின், அவர் வேறெங்கும் அமருமுன் அக்கதவு திறக்க வேண்டும். விலகுவதினும் காலந்தாழ்த்தி விலகுவதே பெருங்கேடு என்பதற்குக் காரணம் இதுதான். சேரும் நாட்காலை வரை வாய்திறவாதிருந்து, தொலைபேசியையும் எடாதிருப்போர் உளர். அவர்பொருட்டு நம் கல்லூரியின் பெயர் ஒரு பட்டியலினின்று நீங்கினால், அடுத்த ஆண்டு மாணாக்கர் அதன் பலனை நுகர்வர்.

ஒப்பந்தம் இருபாற்பட்டது என்பதையும் சொல்லவேண்டும். 2022, 2023-ஆம் ஆண்டுகளில் மென்பொருட் கம்பெனிகள் சில, கடிதங்கொடுத்த பட்டதாரிகளைப் பல மாதம் காக்கவைத்தன. சில கடிதங்களைத் திரும்பப் பெற்றன. ஆண்டிற்கு ஆறரை இலட்சம் என்று எழுதிக்கொடுத்தபின், மூன்றரை இலட்சத்திற்கு இசைவீரா என்று கேட்ட கம்பெனியும் உண்டு. அவ்வாறு கேட்டல் புதிய வேண்டுகோள். அதனை ஏற்பதும் மறுப்பதும் இளைஞர் விருப்பம். சேரும் நாளை மூன்றுமுறை தள்ளிவைத்த கம்பெனிக்காகப் பிறிதோர் அழைப்பை மறுத்துக் காத்திருக்க வேண்டும் என்று எந்த அறநூலும் விதிக்கவில்லை. ஆயினும், அங்கும் விலகுவதாக ஒருவரி எழுதிவிடுதல் நன்று. பின்னாளில் எவர் முறித்தார் என்னும் வினா எழுந்தால் அவ்வொருவரி பேசும்.

விலகுவதென்று முடிவு செய்தால், அன்றே எழுதுக. தாய்க்கு நோய், பாட்டனார்க்கு மரணம் என்று கதை கட்டாமல், வேறொரு பணியை ஏற்கின்றேன் என்று எழுதுக. அத்துறையிற் பணியாற்றுவோர் ஒருவரையொருவர் அறிந்தவர். முன்பணமோ, இடம்பெயர்தற்கென்று கொடுத்த தொகையோ பெற்றிருந்தால் உடன் திருப்புக. பத்திரத்தில் கண்ட தொகை மிகையென்று தோன்றினால், மறுத்தோடாமல், குறைக்குமாறு கேட்கலாம். பல இடங்களில் பேசித் தீர்க்கின்றனர். பின்வந்து அழைத்தவரிடத்தும் முன் ஒப்பந்தம் உண்டென்பதை மறைத்தல் ஆகாது. கை துரை தப்பியது முன்னொப்பந்தம் கட்டாது என்று நம்பியமையால். தம் ஊழியர் எங்கே எழுதிக்கொடுத்திருக்கின்றார் என்று இந்நாட் கம்பெனிகள் முதலிலேயே கேட்டு, படிவத்தில் கையொப்பம் வாங்குவதும் அதன்பொருட்டே. "முன்னறிவிப்புக் காலம் முடியும்வரை எனக்கு நாள் தருக" என்று கேட்டால் பெரும்பாலோர் தருகின்றனர். தரமறுத்து, இன்றே முறித்துக்கொண்டு வா என்பாராயின், நாளை தம் கையினின்று ஒருவர் அவ்வாறே செல்வதையும் அவர் எதிர்பார்த்திருக்கின்றார் என்று கொள்ளலாம். அத்தகையவரின் கடிதத்தில் விலகல் பற்றிய வாசகத்தை இருமுறை படித்துவிட்டுப் பின்னர்க் கையொப்பமிடுக.